நின்றுகொண்டிருந்த மேற்குச் சுவர்

போன வாரம் பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த உங்கள் பதினோரு பேரையும் உட்காரவைத்து, "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க மேடம்" என்று என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றவளிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அளந்தேன். எத்தனை பள்ளிக்கூடம் கட்டினேன், எந்த ஊரில் கடைக்கால் தோண்டும்போது ஊற்று வந்தது, எந்தக் கான்ட்ராக்டரை எப்படி விரட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். நீங்களும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தீர்கள். கடைசியில் கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, "கட்டி முடிச்ச எதையாச்சும் நீங்க இடிச்சிருக்கீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். டீ வந்துவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டோம்.

நான் சொன்னது பொய். வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. அதனால்தான் நம் அறக்கட்டளைக் கட்டடப் பிரிவின் செய்திமடலில் இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். முடிக்க மாட்டேன். இதை நான் பொறுமையாக எழுதுவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள். எட்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழ்வேளூர்ப் பக்கம், நாலு புறமும் வயல் சூழ்ந்த ஓர் ஊரில் பத்தாம் வகுப்பு வரைக்கும் உள்ள ஒரு பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிக் கணக்கில் விளையாட்டு மைதானம் என்று எழுதியிருந்த இடம் அப்பட்டமான களிமண். கோடையில் ஒரு பிள்ளையின் கால் முழுசாக உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து பக்கத்து வயல்களில் குறுவை நட்டுவிட்டால் அடியிலிருந்து கசிந்து சொதசொதவென்று ஆகிவிடும். ஐப்பசி பிறந்தால் அது மைதானம் இல்லை, குளம். அந்தப் பள்ளியில் பெண்கள் வாலிபால் அணி ஒன்று இருந்தது. அந்தச் சேற்றில் விளையாடித்தான் அவர்கள் அதற்கு முந்தைய வருடம் குறுவட்டப் போட்டியில் கடைசி ஆட்டம் வரை போயிருந்தார்கள்.

குறுவட்டம் என்பது சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி. அதில் ஜெயித்தால்தான் மாவட்டத்துக்குப் போக முடியும். மாவட்டத்தில் நன்றாக ஆடினால் அரசு விளையாட்டு விடுதிக்குத் தேர்வாகலாம். அங்கே தங்கிப் படித்துக்கொண்டே ஆடலாம். பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பள்ளியில் இதுதான் கடைசி வருடம், கடைசி வாய்ப்பு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அங்கே விளையாட்டு ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா டீச்சர். சின்ன உருவம், கழுத்தில் விசில், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் அளவெடுக்கப் போன முதல் நாளே பிடித்துக்கொண்டார்.

"மேடம், ஆகஸ்டு கடைசியில குறுவட்டம். எங்க பிள்ளைங்க காலு சேத்துல பழகுன காலு. கெட்டித் தரையில கொண்டுபோய் விட்டா எகிற வேண்டிய நேரத்துல எகிற மாட்டேங்குறாங்க. போன வருசம் அதுலதான் தோத்தோம். ஒரு மாசம், ஒரே ஒரு மாசம் கெட்டித் தரையில பழக விடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வேலை பெரிய வேலை இல்லை. தரையை இரண்டடி மேடாக்க வேண்டும். மண் சரியாமல் இருக்க நாலு பக்கமும் செங்கல் சுவர், உள்ளே செம்மண் கிராவல், மேலே உருளை ஓட்டி இறுக்க வேண்டும். எனக்கும் ராஜேந்திரன் கொத்தனாருக்கும் நாலு ஆட்களுக்கும் மூன்று வார வேலை அது. ஆனால் இந்த வேலைக்கு இருபத்தெட்டு பேர் கடல் தாண்டி வந்தார்கள்.

வெளிநாட்டு இளைஞர்களைத் தன்னார்வலர்களாகக் கூட்டிவரும் ஓர் அமைப்போடு அப்போது நம் அறக்கட்டளை சேர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. ஏழை நாட்டுப் பள்ளிக்குத் தன் கையால் மைதானம் கட்டித் தருவது என்பது திட்டம். ஒரு குழுவுக்குப் பதினான்கு பேர், மூன்று வாரம். ஜூலையில் ஒரு குழு, ஆகஸ்டில் ஒரு குழு. அவர்களை நடத்திப்போக சென்னையிலிருந்து பிரவீன் என்று ஓர் ஒருங்கிணைப்பாளர். இரண்டு கையிலும் இரண்டு போன் வைத்திருப்பார், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவார்.

வந்த பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு, பத்தொன்பது வயது. வெயிலில் முகமெல்லாம் சிவந்து, கொடுத்த சாம்பார் சாதத்தைக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அதுவரை கலவை பூசும் கரணையைக் கையில் பிடித்ததில்லை. ரொட்டியில் ஜாம் தடவுகிற மாதிரி செங்கல்லில் கலவையைத் தடவினார்கள். நாலு வரிசை எழும்பியதும் ராஜேந்திரன் சுவர் நேராக நிற்கிறதா என்று குண்டுநூலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, இந்தச் செவுரு யாரையோ எட்டிப் பாக்குது."

பிரவீனிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "ஞாயித்துக்கிழமை இவங்களப் பெரிய கோயில் பாக்க தஞ்சாவூர் கூட்டிட்டுப் போறேன் மேடம். அந்த நேரத்துல பிரிச்சு சரியாக் கட்டிருங்க. அவங்ககிட்ட சொல்ல வேணாம், மனசு கஷ்டப்படும்" என்றார்.

அப்படியே நடந்தது. அவர்கள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சர்ச் ஆராதனைக்குப் போகாமல் அங்கே நின்றேன். ராஜேந்திரன் ஆறு நாள் வேலையைப் பிரித்து ஒரே நாளில் திரும்பக் கட்டினார். திங்கட்கிழமை அவர்கள் வந்து, நேராக நிற்கிற சுவரைப் பார்த்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். சட்டியோடு ஓரமாக நின்ற ராஜேந்திரனைக் காட்டி, "கொத்தனாரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க மேடம், படத்துல விழறார்" என்றார் பிரவீன்.

சொன்னேன். சுவரைக் கட்டிய மனுஷனை, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்காதே என்று என் வாயால் சொன்னேன். அவர் சட்டியோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அங்கேயே நான் தலையாட்டிவிட்டேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அந்தக் கூட்டத்தில் ஹன்னா என்று ஒரு பெண் இருந்தாள். இரண்டு குழுவோடும் சேர்ந்து ஆறு வாரம் தங்க வந்தவள். இரண்டாவது திங்கட்கிழமை எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சுவரில் செங்கல்லும் செங்கல்லும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பி ராஜேந்திரனைப் பார்த்தாள். மறுநாள் கரணையை எடுத்துவந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நான் என்ன செய்யட்டும் என்று சைகையில் கேட்டாள். அவர் செங்கல் நனைக்கச் சொன்னார். மீதி நாட்கள் முழுவதும் அவள் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து செங்கல் நனைத்துக் கொடுத்தாள். அவள் ஒருத்திதான் உருப்படியாக ஒரு வேலை செய்தாள்.

மூன்று ஞாயிறு இப்படிப் போயின. எப்படியோ நான் சொன்ன மூன்று வாரத்துக்குள்ளேயே வேலை முழுவதும் முடிந்தது. மேற்குச் சுவரின் மேல்விளிம்பில் போட்ட பூச்சு ஈரமாக இருந்தபோது முதல் குழு தங்கள் உள்ளங்கைகளை அதில் பதித்துவிட்டு ஊருக்குக் கிளம்பியது. திறப்பு விழா இரண்டாவது குழு போகும்போதுதான். ஸ்டெல்லா டீச்சர் அதுவரை காத்திருப்பவரா?

"விழா நடக்கறதுக்குள்ள போட்டியே முடிஞ்சிரும் மேடம். நீங்க கண்ண மூடிக்குங்க" என்று சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே வலையைக் கட்டிவிட்டார்.

நான் கண்ணை மூடவில்லை. நாலு சாயங்காலம் அந்த ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அணித் தலைவி தமிழரசி என்று ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் நடவு, அறுப்பு என்று வயல் வேலைக்குப் போகிறவர்கள். முதல் நாள் அந்தப் பிள்ளை தரையைக் காலால் இரண்டு தரம் உதைத்துப் பார்த்தது. பிறகு எகிறி அடித்தது பாருங்கள், பந்து எதிர்ப்பக்கம் விழுந்து தெறித்த சத்தத்தில் வரப்பில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. கட்டடம் கட்டுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ கட்டித் திறந்துவைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போயிருக்கிறேன். கட்டியதை ஒருவர் ஆசையாக உபயோகிப்பதை உட்கார்ந்து பார்த்தது அந்த நாலு நாள்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரவீன் போன் செய்தார்.

"மேடம், கோர்ட்டு முழுசா முடிஞ்சிருச்சாமே?"

"முடிஞ்சிருச்சு. பிள்ளைங்க ஆடிக்கிட்டே இருக்காங்க" என்றேன் பெருமையாக.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க! திங்கக்கிழமை அடுத்த குரூப் வருது. பதினாலு பேரு. அவங்களுக்கு என்ன வேலை குடுக்கறது?"

"பெயின்ட் அடிக்கட்டும். மரக்கன்னு வைக்கட்டும்."

"மைதானம் கட்டறதுன்னு சொல்லித்தான் அவங்களக் கூட்டிட்டு வரோம். ஒரு பக்கச் சுவரையாவது எடுத்துருங்க. மேக்குப் பக்கம் எடுங்க, அதுதான் ரோட்டுலேர்ந்து தெரியாது."

எனக்கு முதலில் புரியவே இல்லை. நின்றுகொண்டிருக்கிற சுவரை எதற்கு எடுப்பது என்று கேட்டேன். அதற்கு அவர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், அவங்க வர்றது கோர்ட்டுக்காக இல்ல. அனுபவத்துக்காக."

இன்னும் இருபது நாளில் போட்டி இருக்கிறது என்று சொன்னேன். திரும்பக் கட்டத்தானே போகிறார்கள் என்றார். முடியாது என்றேன். அப்போதுதான் அவர் அடுத்ததை எடுத்தார். பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை கட்ட அந்த அமைப்பு ஒப்புக்கொண்டிருந்தது. "இந்த குரூப் மனசு கோணிப் போச்சுன்னா அந்த டாய்லெட் நிக்கும் மேடம். அந்தப் பிள்ளைங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவாரூர்ப் பக்கம் ஒரு மதகு வேலையில் எனக்கு ஓர் அதிகாரி இருந்தார். கறாரான ஆள், சிரித்துப் பார்த்ததில்லை. மேலிடத்திலிருந்து ஏடாகூடமாக ஏதாவது வாய்வழி உத்தரவு வந்தால் அவர் சண்டை போட மாட்டார். "செஞ்சிரலாம் சார், அதையே ஒரு தாள்ல எழுதி அனுப்பிருங்க" என்பார். பாதி உத்தரவு அதோடு காணாமல் போய்விடும். போனைக் காதில் வைத்திருந்தபோது அவர் எனக்கு நினைவுக்கு வந்தார். சத்தியமாக வந்தார். ஆனாலும் நான் கேட்கவில்லை. ஒரு பக்கம் ஒரு சுவரும் சில நாள் பயிற்சியும், இன்னொரு பக்கம் ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் உள்ள பெண் பிள்ளைகளின் கழிவறை என்று தராசில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் இருந்தது, யாரோடும் முட்டிக்கொள்ளத் தெம்பு இல்லை என்பதையும் சேர்த்துப் போட்டேன். அதை மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

"சரி" என்றேன்.

ராஜேந்திரனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

"விழுந்த செவுத்த எத்தன தடவ வேணும்னாலும் கட்டறேன் அக்கா. மூணு ஞாயித்துக்கிழம கட்டுனேன், வாயத் தொறந்தேனா? நின்னுக்கிட்டு இருக்கறத இடிக்க வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் வெளியூரிலிருந்து இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். பத்து மணிக்குள் முடியும் என்று நினைத்த வேலை மதியம் மூன்று மணி வரை இழுத்தது. சுவர் அசையவில்லை. அதில் ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "யாரு மேடம் கட்டுனது? நல்ல கையி" என்று பாராட்டினார். சுவர் போனதும் அதன் பிடியில் இருந்த கிராவலும் சரிந்தது. மூன்றில் ஒரு பங்கு மைதானம் வயல் பக்கம் வாய் பிளந்து கிடந்தது. உள்ளங்கை பதித்த பூச்சு துண்டு துண்டாகச் சேற்றில் கிடந்தது.

நாலு மணிக்குப் பிள்ளைகள் பந்தோடு வந்தார்கள்.

அழுவார்கள், அல்லது சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஓரமாக வரிசையாக நின்றார்கள். தமிழரசி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"மேடம், தெறப்பு விழாவுக்கு முன்னாடியே நாங்க ஆடுனோம்ல... அதுனாலயா? நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமா?"

நான் கடப்பாரைக்காரர்கள் பக்கம் திரும்பி, கல்லை ஒழுங்காக அடுக்கச் சொல்லிக் கத்தினேன். அந்தப் பிள்ளை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் ஸ்டெல்லா டீச்சர் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நான் பிரவீன் சொன்னதை, கழிவறையை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் மேடம், உங்க வீட்டு மாடிப்படிய இடிச்சுப்புட்டு, வர்ற விருந்தாளி கட்டிப் பழகட்டும், அதுவரைக்கும் நாங்க ஏணியில ஏறிக்கறோம்னு சொல்லுவீங்களா? எங்க பிள்ளைங்கன்னா மட்டும் சொல்லுவீங்க. ஏன்னா கேக்க நாதியில்ல. அந்த டாய்லெட் கதையையாவது விசாரிச்சீங்களா? யாருக்காவது ஒரு போன் போட்டீங்களா?"

போடவில்லை. அவர் எதிரிலேயே நம் அலுவலகத்துக்குப் போட்டேன். கழிவறைக்கான ஒப்பந்தத்தில் போன மாதமே கையெழுத்தாகிவிட்டது, யார் மனம் கோணினாலும் நிற்காது என்று கோப்பைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு போன். ஐந்து நிமிடம். அதை வெள்ளிக்கிழமை மதியம் செய்திருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும். என்னை யாரும் ஏமாற்றவில்லை, நானே ஏமாறச் சம்மதித்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஸ்டெல்லா டீச்சர் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு போனார். இன்னும் திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை இரண்டாவது குழு வந்தது, கூடவே ஹன்னாவும். சனி ஞாயிறு பாண்டிச்சேரி போயிருந்தவளுக்கு ஒன்றும் தெரியாது. மேற்குப் பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பூச்சுத் துண்டு ஒன்றை எடுத்தாள், அதில் யாருடைய இரண்டு விரலோ இருந்தது. என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்டாள். பிரவீன் எனக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்ததைச் சொன்னேன்: மழையில் சரிந்துவிட்டது. அவள் காய்ந்து கிடந்த கிராவலைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு நேராகப் பள்ளி வராந்தாவில் நின்ற தமிழரசியிடம் போய்க் கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவாக இங்கிலீஷ் வராது. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைக் காட்டியது. அப்புறம் என்னைக் காட்டியது.

பதினான்கு புது முகங்களும் என்னைத் திரும்பிப் பார்த்தன. எனக்கு முன்னால் ஒருவர் முகம் சிவப்பது எனக்குப் பழக்கம், என் முகம் சிவந்தது பழக்கமில்லை. ஹன்னா கையுறையைக் கழற்றிச் செங்கல் அடுக்கின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பிரவீன் ஓடிவந்து என்னைத் தனியே இழுத்தார்.

"அவங்கள எப்படியாவது எழுப்பிக் கட்டச் சொல்லுங்க மேடம். வழக்கம்போல ஞாயித்துக்கிழமை கொத்தனார வெச்சு சரி பண்ணிக்கலாம்."

மூன்று நாளாக அடைத்துக்கிடந்தது அப்போதுதான் உடைந்தது.

"செஞ்சிரலாம் தம்பி. ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நல்லா நின்ன சுவர விருந்தாளிங்க வேலை பாக்கறதுக்காக இடிச்சோம்னு எழுதுங்க. இப்ப அவங்க கோணையாக் கட்டட்டும், ஞாயித்துக்கிழமை திருட்டுத்தனமா திரும்பக் கட்டுவோம்னும் எழுதுங்க. பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டுல நானே ஒட்டறேன்."

அவர் இரண்டு போனையும் பார்த்தார். எதிலும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். பாருங்கள், வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமையே போயிருப்பார்.

ராஜேந்திரன் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். அவர் உள்ளே கூப்பிடவில்லை, என்ன செய்தி என்று கேட்டார். செங்கல்லில் அவர் மட்டும்தான் கை வைப்பார், மற்றவர்கள் மண் சுமப்பார்கள், நானும் சுமப்பேன் என்றேன். "நீங்க செமக்க வேணாம், இடுப்புப் பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் சட்டி சட்டியாகக் கிராவல் சுமந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, யாரும் முகம் சுளிக்கவில்லை. உள்ளதைச் சொல்லியிருந்தால் முதல் குழுவும் இதையேதான் செய்திருக்கும். அவர்கள் மனசு கஷ்டப்படும் என்று நாங்களாகத் தீர்மானித்துக்கொண்டு அவர்களையும் முட்டாளாக்கியிருந்தோம்.

ஆனாலும் சுவரை முழுசாகத் திரும்பக் கட்ட வேண்டும், அது காய வேண்டும், கிராவல் இறுக வேண்டும். அதற்கு எந்த ஆவேசமும் உதவாது. பன்னிரண்டு நாள் போயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் பிள்ளைகள் நெல் காயப்போடும் சிமென்ட் களத்தில், தென்னைக்கும் கம்பத்துக்கும் நடுவில் கயிறு கட்டி ஆடினார்கள். விழுந்தால் முட்டி தேயும். விழாமல் ஆடப் பழகினார்கள். வாலிபாலில் விழாமல் ஆடப் பழகினால் என்ன ஆகும் என்று உங்களில் ஆடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குறுவட்டப் போட்டிக்குப் போனேன். மறுபடியும் கடைசி ஆட்டம் வரை வந்தார்கள். கடைசி ஆட்டத்தின் மூன்றாவது செட்டில் இரண்டு புள்ளியில் தோற்றார்கள். அந்தக் கடைசிப் புள்ளி, தமிழரசிக்கு முன்னால் ஓரடி தூரத்தில் விழுந்த பந்து. பாய்ந்து விழுந்திருந்தால் எடுத்திருக்கலாம். ஒரு கணம் தயங்கினாள். எனக்கு அந்தக் களம் கண்ணுக்குள் வந்துபோனது. ஸ்டெல்லா டீச்சர் என்னைப் பார்த்தார், விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் மைதானம் இருந்திருந்தால் ஜெயித்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. எதிரணியும் நன்றாகத்தான் ஆடியது. ஜெயித்திருப்பார்களா என்று அந்தப் பிள்ளைகளுக்கும் இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை, அதுதான் என் ஆத்திரம். தோற்றுப்போக அவர்களுக்கு உரிமை இருந்தது. அதைக்கூட ஒழுங்காகச் செய்ய நாம் விடவில்லை. யாரோ சிலர் மூன்று வாரம் மனம் நிறைந்து ஊருக்குப் போக, இவர்களுடைய ஒரே ஒரு வருடத்தில் கை வைத்தோம்.

திறப்பு விழா நடந்தது. அந்த அமைப்பின் பெயரோடு கல்வெட்டு வைத்தார்கள். அதில் ராஜேந்திரன் பெயர் இல்லை. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். மூன்று பக்கச் சுவர் ஒரு நிறம், மேற்குச் சுவர், இடித்ததில் பழைய கல் உடைந்துபோனதால், வேறு சூளைக் கல், கொஞ்சம் கருஞ்சிவப்பு. ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு, கல் தட்டுப்பாடு என்று சொல்லிவந்தேன்.

எட்டு வருடமாகச் சொல்லிவந்தேன், போன வாரம்வரை. பயிற்சி முடிந்ததும் வருகைப் பதிவில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தத் தாளை நீட்டினார்கள். பெயர், படிப்பு, சொந்த ஊர். ஏழாவது வரியில் அந்த ஊர் இருந்தது. சிவில் டிப்ளமோ. இடது பக்கம் பெயர். நிமிர்ந்து பார்த்தேன், சன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. நீங்கள் கண்ணாடி போட்டிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கு என்னை முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் என் வீரப் பிரதாபத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கும் பொய் சொன்னேன்.

தமிழரசி, நீங்கள் என்னிடம் இரண்டு தடவை கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவையும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த மடலைப் படிக்கும் மற்ற பத்துப் பேர் முன்னால் இப்போது பதில் சொல்கிறேன். போன வாரக் கேள்விக்கு: ஆமாம், இடித்திருக்கிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கேட்டதற்கு: இல்லைம்மா, நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை.